மீன் உரசுகிறதா? முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

அலங்காரக் கெண்டையான கோய் மீன் குளத்துச் சுவரில் உடலைச் சாய்த்து உரசினால், ஒட்டுண்ணி வந்துவிட்டதென்று முடிவு கட்டி அன்று மாலையே மருந்து ஊற்றிவிடுவது பலரிடம் வழக்கமாகிவிட்டது. என்னை அழைக்கும் வீடுகளில், நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு மூன்று மருந்துகள் விழுந்திருக்கும். தண்ணீரை மட்டும் யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நீரில் ஏறினாலும் மீன் உரசும், துள்ளும், துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடக்கும் என்பதால், வெறும் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

கடையில் கிடைக்கும் டெஸ்ட் கிட் காட்டுவது மொத்த அம்மோனியாவை. அதில் எவ்வளவு நஞ்சாகிறது என்பதை, நீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரி செல்சியஸில் பிஎச் 7 என்றால் நஞ்சான பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. 8 ஆனால் ஏறத்தாழ 7 சதவீதம். 9 ஆனால் பாதியை நெருங்கிவிடும். பாசியால் பச்சையேறிய குளத்தில் பிஎச் உச்சத்தைத் தொடுவது பிற்பகலில்தான். புதிதாகச் சிமெண்டு பூசிய தொட்டியிலோ நாள் முழுவதும் உயர்ந்தே இருக்கும். ஆகவே காலையில் ஒருமுறையும் மாலை நான்கு மணியளவில் ஒருமுறையும் சோதிப்பது நல்லது. அம்மோனியா தெரிந்தால் தீனியை நிறுத்தி, குளோரின் நீக்கிய நீரால் கால் பங்கை மாற்றி, காற்றோட்டத்தைக் கூட்ட வேண்டும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் போன்ற மருந்துகள் ஃபில்டரில் அம்மோனியாவை மாற்றி நன்மை செய்யும் பாக்டீரியாவையும் தாக்கும் என்பதால், தேவையின்றி ஊற்றிய மருந்தே அம்மோனியாவை ஏற்றிவிட, மீன் மீண்டும் உரச, மீண்டும் மருந்து விழும் அவலத்தை அடிக்கடி பார்க்கிறேன்.

தண்ணீர் சரியாக இருந்தும் உரசல் நிற்காவிட்டால், தோலின் வழவழப்பை மெல்ல வழித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கைரோடாக்டைலஸ் என்னும் தோல்புழுவின் வயிற்றுக்குள் அதன் குட்டியின் கொக்கிகள்கூடத் தெளிவாகத் தெரியும். இது குட்டி போடுவது. செவுளைப் பற்றும் டாக்டைலோகைரஸ் புழு முட்டையிடுவது. முட்டைக்குள் மருந்து எளிதில் ஏறாது என்பதால், பின்னதற்கு ஒரே தவணை போதாது.

மீன் பேனுக்கு நுண்ணோக்கி தேவையில்லை. தட்டையான, கண்ணாடி போன்ற வட்டத்தில் இரண்டு கருங்கண்கள். மீனைத் தூக்கினால் செதிள்மேல் விறுவிறுவென்று ஓடும். பெண் பேன் மீனை விட்டு இறங்கிச் சுவரிலும் தொட்டியோரத்திலும் வரிசையாக முட்டையிடுகிறது. நம் வெயிலில் அவை இரண்டு மூன்று வாரங்களில் பொரிந்துவிடும். அதனால்தான், ஒழிந்துவிட்டதென்று நினைத்த பேன் அடுத்த மாதம் திரும்பி வருகிறது. இதற்குரிய மருந்தான டைஃப்ளூபென்சுரான், ஓடு கழற்றி வளரும் உயிர்களின் புது ஓடு உருவாவதைத் தடுக்கிறது. இறாலும் நீர்ப்பூச்சிகளும் சேர்ந்தே சாகும் என்பதால், அந்த நீரை ஏரியிலோ வாய்க்காலிலோ விடவே கூடாது.

எந்த மருந்தானாலும் குளத்தின் கொள்ளளவு தெரியாமல் போடுவது ஆபத்து. நீளம், அகலம், சராசரி ஆழம் ஆகியவற்றை மீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். சரிவான அடித்தளத்துக்கு ஆழத்தைப் பல இடங்களில் அளக்க வேண்டும். மருந்தாகக் கல் உப்பு போடுவதானால் ஆயிரம் லிட்டருக்கு 3 கிலோ, சிறிது சிறிதாகக் கரைத்துச் சேர்க்கலாம். அல்லியும் தாமரையும் உள்ள குளத்துக்கு அது ஆகாது.

புதிதாக வாங்கும் மீனை நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்திருங்கள். அந்தத் தொட்டியின் வலையும் வாளியும் குளத்துப் பக்கம் வரக் கூடாது.