சிறையிலிருந்து வரும் அழைப்புக்கு யார் பணம் கட்டுவது?

திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில் ஒருவருக்கு விளக்கமறியல் உத்தரவு பிறப்பிக்கப்படும் அன்றே அவருடைய வீட்டுக் கணக்கில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்துவிடுகின்றன. உழைத்துக் கொடுத்த ஒருவரின் வருமானம் நின்றுபோகிறது. அவரைப் பார்க்கப் போகும் செலவு புதிதாகச் சேர்கிறது. அவர் நகரத்திலுள்ள விளக்கமறியல் சிறையிலேயே இருக்கும்வரை, மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ வரும் குடும்பம் ஒரு நாள் கூலியை இழந்து எப்படியோ சமாளித்துக்கொள்ளும். தண்டனை பெற்று அநுராதபுரத்துக்கோ கொழும்பிலுள்ள வெலிக்கடைக்கோ மாற்றப்பட்டால் நிலைமை வேறு. கொழும்பு இங்கிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக இரவு முழுவதும் பேருந்தில் இருந்து, விடியற்காலையில் இறங்கி, வரிசையில் நின்று, கம்பிவலைக்கு அப்பால் தெரியும் முகத்தைச் சில நிமிடங்கள் பார்த்துவிட்டு, அன்றிரவே திரும்ப வேண்டும். பெண் கைதி என்றால், நீண்டகாலத் தண்டனைக்குப் பெரும்பாலும் வெலிக்கடைதான்; அவருடைய பிள்ளைகளை யாராவது கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

இந்தச் செலவில் ஒரு பகுதியையாவது குறைக்கக்கூடியது தொலைபேசி அழைப்பு. அந்த அழைப்புக்கு யார் பணம் கட்டுவது என்ற கேள்வியை அமெரிக்காவின் சில மாநிலங்கள் அண்மைக்காலத்தில் சட்டமாக்கித் தீர்த்திருக்கின்றன. அங்கே அது எப்படி நடந்தது, நம் நாட்டில் கைதிக்கும் குடும்பத்துக்கும் இதில் என்ன உரித்து உண்டு, அதை எங்கே கேட்பது என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

அமெரிக்கச் சிறைகளில் கைதி தனக்கு விருப்பமான தொலைபேசி நிறுவனத்தைத் தெரிவுசெய்ய முடியாது. ஒவ்வொரு மாநிலத்தின் சிறைத் திணைக்களமும் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும். ஒப்பந்தத்தைப் பெற விரும்பும் நிறுவனம், அழைப்புக் கட்டணத்தில் இத்தனை வீதத்தை அரசுக்குத் தருவதாக உறுதியளிக்கும். சாதாரணச் சந்தையில் குறைந்த விலை சொல்பவருக்கு ஒப்பந்தம் கிடைக்கும். இங்கே கூடிய தரகு தருபவருக்குக் கிடைத்தது. தரகு கூடக்கூடக் கட்டணமும் கூடியது. பணம் கட்டியவர் கைதியுமல்லர், அரசுமல்லர். பெரும்பாலும் வீட்டிலிருக்கும் தாய், மனைவி அல்லது சகோதரி. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இரு தரப்பும் இலாபமடைய, அதில் இடமே இல்லாத மூன்றாம் தரப்பு முழுச் செலவையும் சுமந்தது.

கனெக்டிகட் மாநிலத்தின் கதை இதற்குத் தெளிவான உதாரணம். அங்கே 15 நிமிட அழைப்புக்கு ஏறக்குறைய 5 டொலர் செலவானது. தரகாக மாநிலத்துக்கு ஆண்டுக்கு 70 இலட்சம் டொலருக்கும் மேல் கிடைத்தது. அதன் பெரும்பகுதி நன்னடத்தைக் கண்காணிப்புச் சேவைக்குப் போனது. நன்னடத்தை அலுவலர்கள் தேவையில்லை என்று எவரும் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த அரச சேவையின் செலவை மாநிலத்தின் வரிப்பணத்திலிருந்து எடுக்காமல், சிறையிலுள்ள மகனோடு பேசும் ஏழைத் தாயிடமிருந்து எடுப்பது நியாயமா என்பதே கேள்வி. என் மட்டில் அதற்கு ஒரே பதில்தான் உண்டு. கனெக்டிகட் 2021இல் சட்டம் நிறைவேற்றி, 2022 முதல் சிறை அழைப்புகளை இலவசமாக்கியது. கைதியொருவருக்கு நாளொன்றுக்கு 90 நிமிடம்வரை இலவசம் என்பது அந்தச் சட்டத்தின் ஏற்பாடு. இழந்த தரகுக்கு ஈடாக வரவுசெலவுத் திட்டத்தில் வேறு பணம் ஒதுக்க வேண்டியிருந்தது. அதனால்தான் இது தொலைபேசி பற்றிய விவாதமாக நில்லாமல் நிதி ஒதுக்கீடு பற்றிய விவாதமாக மாறியது.

கலிபோர்னியாவும் மினசோட்டாவும் மாசசூசெட்ஸும் 2023இல் அதே வழியில் சென்றன. கொலராடோ கொஞ்சம் தயங்கித் தயங்கிச் சென்றது. அந்தத் தயக்கத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த மாநிலம் 2023இல் இயற்றிய சட்டம், அழைப்புச் செலவில் மாநிலம் ஏற்கும் பங்கைப் படிப்படியாக உயர்த்தியது: முதலில் 25 வீதம், 2024 ஜூலையிலிருந்து 35 வீதம், 2025 ஜூலையிலிருந்து 100 வீதம். அந்தக் கடைசிப் படி வருவதற்குள் மாநிலத்தின் வரவுசெலவில் பெரும் பற்றாக்குறை ஏற்பட்டது. எதை வெட்டலாம் என்று தேடியபோது சிறை அழைப்பும் கண்ணில் பட்டது. 2025இல் 100 வீதத்துக்குப் பதில் 75 வீதம் என்று திருத்தி, முழுப் பொறுப்பை ஓராண்டு பிற்போட்டார்கள். சிறைத் திணைக்களத்தின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் அழைப்புச் செலவு மிகச் சிறிய தொகை. சிறிய தொகையாக இருப்பதே அதற்குப் பாதுகாப்பு என்று நினைக்கக் கூடாது. அதற்காகக் குரல் கொடுப்பவர்கள் குறைவாக இருந்தால் சிறிய தொகைதான் முதலில் வெட்டப்படும்.

மாநிலங்களுக்கு வெளியே நாடு தழுவிய கட்டுப்பாடும் உண்டு. அதன் தொடக்கம் ஒரு பாட்டியின் முறைப்பாடு. வாஷிங்டனைச் சேர்ந்த மார்த்தா ரைட் ரீட் என்ற பார்வையற்ற மூதாட்டி, சிறையிலிருந்த தம் பேரனோடு பேசுவதற்குத் தாங்க முடியாத தொகையைச் செலுத்த நேர்ந்ததால் மற்றவர்களோடு சேர்ந்து வழக்குத் தொடுத்தார். 2003இல் அமெரிக்க சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழுவிடம் மனுக்கொடுத்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 2013இல், மாநிலங்களுக்கிடையிலான அழைப்புகளுக்கு மட்டும் ஆணைக்குழு உச்சவரம்பு விதித்தது. ஒரே மாநிலத்துக்குள் செய்யும் அழைப்புகளைக் கட்டுப்படுத்த அதற்கு அதிகாரமில்லை என்று 2017இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அதிகாரத்தை வழங்கும் சட்டம் 2023 ஜனவரியில் ஜனாதிபதியின் கையெழுத்தைப் பெற்றது; அதற்கு அந்த மூதாட்டியின் பெயரையே சூட்டினார்கள். அவர் 2015இலேயே காலமாகிவிட்டார். 2024 ஜூலையில் ஆணைக்குழு பிறப்பித்த உத்தரவு, சிறைகளில் நிமிடத்துக்கு 6 சதம் என்று உச்சவரம்பு வைத்துத் தரகையும் தடைசெய்தது. பெரிய தடுப்பு நிலையங்களில் 11.35 டொலர் வரை ஆன 15 நிமிட அழைப்பு 90 சதமாகக் குறையும் என்பது ஆணைக்குழுவின் கணக்கு. ஆனால் 2025இல் அதே ஆணைக்குழு அதன் நடைமுறையைப் பிற்போட்டு, பின்னர் உச்சவரம்பையும் உயர்த்தியது.

குடும்பத் தொடர்பு வெறும் கருணைச் சலுகை என்று எண்ணுபவர்களுக்கு மினசோட்டாச் சிறைத் திணைக்களம் தானே நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். விடுதலையான 16,420 பேரை ஆராய்ந்ததில், சிறையில் பார்வையாளர் வந்து பார்த்தவர்கள் மீண்டும் பாரிய குற்றத்துக்குத் தண்டனை பெறும் அபாயம் 13 வீதம் குறைவாக இருந்தது. அது நேரடிப் பார்வையிடல் பற்றிய ஆய்வு, அழைப்புப் பற்றியது அல்ல. என்றாலும் நேரில் போக வழியில்லாத குடும்பத்துக்கு உறவைக் காக்க அழைப்பை விட்டால் கடிதம்தான் மிச்சம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கைச் சிறைகளை ஆள்வது 1877ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம். தொலைபேசிக்குக் காப்புரிமை வழங்கப்பட்டதே அதற்கு முந்திய ஆண்டில்தான். ஆகவே உறவினர் சந்திப்பையும் கடிதத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட கட்டமைப்பு அது. அழைப்பு பிற்காலத்தில் நிருவாக ஏற்பாடாக வந்து ஒட்டிக்கொண்டது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள் இதைவிடத் தெளிவாகப் பேசுகின்றன. குடும்பத்தோடும் நண்பர்களோடும் குறித்த இடைவெளிகளில் தொடர்புகொள்ளக் கைதியை அனுமதிக்க வேண்டும் என்கிறது 58ஆம் விதி. இயன்றவரை வீட்டுக்கு அருகிலுள்ள சிறையில் வைக்க வேண்டும் என்கிறது 59ஆம் விதி. ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் குடும்பத் தொடர்பை முற்றாகத் துண்டிக்கக் கூடாது என்கிறது 43ஆம் விதி. பெண் கைதிகளுக்கென 2010இல் வகுக்கப்பட்ட பாங்கொக் விதிகளோ, வீட்டிலிருந்து தூரத்தில் அடைக்கப்பட்ட பெண்களுக்கு அந்தக் குறையை ஈடுசெய்யும் ஏற்பாடுகள் வேண்டும் என்கின்றன.

58ஆம் விதியில் ஓரிடத்தில் கண்ணை நிறுத்த வேண்டும். கடிதத்துக்கும் சந்திப்புக்கும் இல்லாத ஒரு நிபந்தனை தொலைபேசி போன்ற சாதனங்களுக்கு மட்டும் அங்கே உண்டு: வசதி இருக்குமிடத்தில் என்பது. வசதி தானாக முளைப்பதில்லை. பணம் ஒதுக்கினால் இருக்கும், ஒதுக்காவிட்டால் இராது. உரிமை என்று தொடங்கும் விதி, இந்த இடத்தில் நிதி அமைச்சின் கையில் போய்ச் சேர்கிறது.

நாடாளுமன்றம் ஆண்டுதோறும் நிறைவேற்றும் வரவுசெலவு மதிப்பீடுகளில் சிறைச்சாலைகள் திணைக்களத்துக்குரிய செலவினத் தலைப்பு 232. அதில் மீண்டெழும் செலவின் (ஆண்டுதோறும் திரும்ப வரும் அன்றாடச் செலவின்) பெரும்பகுதி உத்தியோகத்தர் சம்பளத்துக்கும் கைதிகளின் உணவுக்கும் போகிறது. சிறைகளில் இருப்போர் தொகை கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாக உள்ளது. அவர்களில் பெரும்பாலானோர் தண்டனை பெறாத விளக்கமறியல் கைதிகள். இத்தனை நெரிசலில் கூரைக்கும் மலசலகூடத்துக்கும் மருந்துக்கும் பணம் போதாதபோது தொலைபேசியைப் பற்றிப் பேசுவது ஆடம்பரமல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் ஏற்க முடியவில்லை. சிறைக்குள் களவாகக் கொண்டுவரப்படும் கைத்தொலைபேசிகளைத் தேடிப் பிடிப்பதற்கும் அலைத்தடைக் கருவிகளைப் பொருத்துவதற்கும் அரசு செலவிட்டுத்தான் வருகிறது. மேற்பார்வையோடு பேசக்கூடிய முறையான இணைப்பு போதிய அளவில் இருந்தால், வீட்டாரின் குரலைக் கேட்பதற்காக மட்டும் களவான தொலைபேசியை நாடுபவர்களின் தேவையாவது தீரும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பார்வையிடல் நிறுத்தப்பட்டபோது, எல்லா வீடுகளுக்கும் ஒரே நேரத்தில் கதவு மூடப்பட்டது. அம்மாதம் 21ஆம் திகதி அநுராதபுரம் சிறையில் ஏற்பட்ட பதற்றத்தில் கைதிகள் இருவர் உயிரிழந்தனர். நோய் அச்சமும் வீட்டுச் செய்தி கிடைக்காத தவிப்பும் சேர்ந்திருந்த நாட்கள் அவை.

குடும்பத்தினர் இப்போது செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். கைதி இருக்கும் சிறையில் அழைப்பு வசதி எந்த நாட்களில், எத்தனை நிமிடம், எந்த இலக்கத்துக்கு என்ற விபரத்தை அத்தியட்சகர் அலுவலகத்தில் அல்லது நலன்புரி உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள். தமிழில் எழுதலாம், அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரித்து அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தில் உள்ளது. தூரச் சிறைக்கு மாற்றப்பட்டவரைக் கிட்டிய சிறைக்குக் கொண்டுவரக் கோரும் விண்ணப்பத்தில் வயதான பெற்றோர், சிறுபிள்ளைகள், நோய் போன்ற காரணங்களை மருத்துவச் சான்று, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் ஆகியவற்றோடு இணைத்தால் கோரிக்கை வலுப்பெறும். அலுவலகத்தின் திகதி முத்திரை பெற்ற கடிதப் பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திகதி முத்திரை இல்லாத கடிதம் பின்னர் எழுதாத கடிதமாகிவிடும். காரணமின்றித் தொடர்பு மறுக்கப்பட்டால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம், அல்லது 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அந்த ஆணைக்குழு 20 சிறைகளில் நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. வெளியுலகத் தொடர்பும் அதில் ஆராயப்பட்டது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

சிறையில் உறவினர் இல்லாதவர்களும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தப் பிரஜையும் சிறைச்சாலைகள் திணைக்களத்தின் தகவல் உத்தியோகத்தரிடம், காரணம் சொல்லாமலே, தகவல் கேட்கலாம், விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை. தலைப்பு 232இல் கைதிகளின் தொலைபேசி வசதிக்கு இவ்வாண்டு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு, திருகோணமலைச் சிறையில் எத்தனை இணைப்புகள் உள்ளன, அழைப்புக் கட்டணத்தை யார் செலுத்துகிறார், அலைத்தடைக் கருவிகளுக்குச் செலவானது எவ்வளவு என்ற ஐந்து கேள்விகளையும் ஒரே தாளில் எழுதிவிடலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் திணைக்களத்தில் மேன்முறையீட்டுக்கெனக் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், அங்கும் பலனில்லையேல் இரண்டு மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.