ரேடாரை முந்தும் டிடெக்டர் லேசரிடம் தோற்பது ஏன்?

எண்ணெய் நெருக்கடியில் எரிபொருளை மிச்சப்படுத்த, 1974-ல் அமெரிக்கா நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல் (சுமார் 88 கி.மீ.) என்ற வேக வரம்பைக் கொண்டுவந்தது. நீளமான, நேரான சாலைகளில் விரட்டிப் பழகியவர்களுக்கு அது பொறுக்கவில்லை. போலீஸ் வேகம் அளக்க அனுப்பும் ரேடார் அலையைக் கண்டுபிடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் கருவியான ரேடார் டிடெக்டரின் வியாபாரம் சூடுபிடித்தது அப்போதுதான். 1978-ல் சின்சினாட்டி நகரிலிருந்து வந்த 'எஸ்கார்ட்' கருவி, ரேடியோப் பெட்டிகளில் உள்ள சூப்பர்ஹெட்டரோடைன் முறையில் (வரும் அலையைத் தானே உருவாக்கும் அலையோடு கலந்து, பலவீனமானதையும் பிரித்தறியும் முறை) இயங்கி, போலீஸ் ரேடாரை வெகுதூரத்திலேயே பிடித்துவிட்டது.

போலீஸார் வேகத்தை அளக்கப் பயன்படுத்தும் ரேடார் துப்பாக்கி நுண்ணலைகளை அனுப்புகிறது. எதிரே வரும் காரில் பட்டுத் திரும்பும்போது அவற்றின் அதிர்வெண் சற்றே கூடிவிடும். இதுதான் டாப்ளர் விளைவு. 24.15 கிகாஹெர்ட்ஸ் கருவிக்கு, மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஏறக்குறைய 4,470 ஹெர்ட்ஸ் வித்தியாசம் காட்டும். இது மனிதக் காதுக்கு எட்டும் அளவு. அதனால் பல கருவிகள் அதை ஒலியாகவே போலீஸாருக்குக் கேட்க வைக்கின்றன. வேகம் கூடினால் சுருதியும் ஏறும்.

சரி, அளக்கும் கருவியை டிடெக்டர் எப்படி முந்துகிறது? இதில் உள்ள இயற்பியல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ரேடாரின் அலை கார்வரை போய், சிதறி, பலவீனமாகத் திரும்ப வேண்டும். டிடெக்டருக்கோ ஒருவழிப் பயணம் போதும். தூரம் இரண்டு மடங்கானால் டிடெக்டரை எட்டும் சக்தி நான்கில் ஒரு பங்காகும். துப்பாக்கிக்குத் திரும்பும் எதிரொலியோ பதினாறில் ஒரு பங்காகிவிடும். தூரம் கூடக் கூட ஓட்டுநரின் கை ஓங்குகிறது. போலீஸாரும் இதை அறிவார்கள். அதனால் ரேடாரை அணைத்து வைத்திருந்து, கார் அருகில் வந்ததும் ஒரு நொடி மட்டும் இயக்குவார்கள்.

டிடெக்டருக்கு வேறு தொல்லைகளும் உண்டு. கடைகளின் தானியங்கிக் கதவுகளும் மற்ற கார்களின் பக்கவாட்டு உணரிகளும் அதே அலைவரிசைகளைப் பயன்படுத்துவதால் வீணாக அலறும். அதோடு, அதன் உள்ளே இருக்கும் அலையாக்கியிலிருந்து கொஞ்சம் அலை வெளியே கசியும். டிடெக்டருக்குத் தடை உள்ள வர்ஜீனியா மாநிலத்தில், அந்தக் கசிவை வைத்தே அதைக் கண்டுபிடிக்கும் கருவி போலீஸாரிடம் உண்டு.

லேசர் வந்ததும் ஆட்டம் மாறியது. லேசர் துப்பாக்கி சுமார் 905 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புத் துடிப்புகளை அனுப்பி, அவை திரும்ப எடுக்கும் நேரத்திலிருந்து தூரத்தைக் கணக்கிடுகிறது. 300 மீட்டர் தொலைவிலுள்ள கார் என்றால் போய்வர 2 மைக்ரோநொடி. அடுத்தடுத்த துடிப்புகளில் தூரம் எப்படிக் குறைகிறது என்பதுதான் வேகம். அரை நொடிக்குள் வேலை முடிந்துவிடும். அந்தத் தொலைவில் கதிரின் அகலம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். நம்பர் பிளேட்டைக் குறிவைத்தால் கண்ணாடியில் ஒட்டிய டிடெக்டருக்கு ஒன்றுமே தெரியாமல் போகலாம். தெரிந்து அலறினாலும், அதற்குள் வேகம் பதிவாகியிருக்கும்.

அப்புறம் வந்ததுதான் லேசர் ஜாமர். காரின் முன்பக்கத்தில் பொருத்தப்படும் இந்தக் கருவி, வரும் துடிப்புகளின் தாளத்தைக் கண்டறிந்து, அதே தாளத்தில் பொய்த் துடிப்புகளைத் திருப்பி அனுப்புகிறது. தூரக் கணக்கு குழம்பி, துப்பாக்கியில் பிழைக் குறி வரும் அல்லது ஒன்றுமே வராது. இதைச் சமாளிக்க, துடிப்புகளின் இடைவெளியை மாற்றிக்கொண்டே இருக்கும் துப்பாக்கிகள் வந்துவிட்டன.

டிடெக்டரையும் ஜாமரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது என் கருத்து. முன்னது வரும் அலையைக் கேட்கிறது, பின்னது அளவீட்டையே கெடுக்கிறது. அமெரிக்கச் சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான் பிரிக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் சொந்தக் காரில் டிடெக்டர் வைத்திருக்கலாம். ரேடார் ஜாமருக்கு நாடு முழுவதும் தடை. லேசர் என்பது ரேடியோ அலை அல்ல என்பதால் அந்தத் தடைக்குள் வராது; ஆனால் கலிபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் தனிச் சட்டம் போட்டுத் தடுத்திருக்கின்றன.

பிரிட்டனின் பல சாலைகளில் இப்போது சராசரி வேகக் கேமராக்கள் இருக்கின்றன. இரண்டு இடங்களில் நம்பர் பிளேட்டைப் படித்து, இடைப்பட்ட தூரத்தை நேரத்தால் வகுக்கிறார்கள். வேகத்தை அளக்க இங்கே ரேடாரும் இல்லை, லேசரும் இல்லை.