ஒரு வரியும் மாறவில்லை, விடை மட்டும் மாறியது

நாங்கள் பயன்படுத்தும் ஒரு லைப்ரரியின், அதாவது வேறு யாரோ எழுதித் தந்த கோடுத் தொகுப்பின், புதிய பதிப்பை ஏற்றினோம். மறுநாள் ரிப்போர்ட்டில் 3.5 வர வேண்டிய இடத்தில் 3 வந்து நின்றது. எங்கள் கோடில் ஒரு வரிகூட மாறவில்லை, கோடை இயங்கும் புரோகிராமாக மாற்றித் தரும் கம்பைலரும் ஒரு வார்னிங்கூடத் தரவில்லை. இரண்டு நாள் டேட்டாபேஸைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்.

கோளாறு ஒரு சின்ன ஃபங்ஷன் அழைப்பில் இருந்தது. சி++ கோடு அது. இரண்டு டபுள் (தசம எண்) வாங்கி வகுத்துத் தரும் 'பங்கு' என்ற ஃபங்ஷனை எந்த நேம்ஸ்பேஸுக்குள்ளும் (பெயர்கள் மோதாமல் இருக்கப் போடும் தனி அறை) போடாமல் வெளியே எழுதி வைத்திருந்தோம். பங்கு(7, 2) என்று அழைத்தால் இரண்டு முழு எண்களும் டபுளாகி 3.5 வரும். புதிய பதிப்பில் அதே பெயரில் இரண்டு இன்ட் (முழு எண்) வாங்கி, மீதியை விட்டுவிட்டு வகுக்கும் ஃபங்ஷன் ஒன்று சேர்ந்திருந்தது. நாங்களோ ஃபைலின் தலையிலேயே 'யூசிங் நேம்ஸ்பேஸ்' போட்டு, லைப்ரரியின் பெயர்களையெல்லாம் முன்னொட்டு இல்லாமலே அழைக்கலாம் என்று முழுசாகத் திறந்து விட்டிருந்தோம். கம்பைலர் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தது. டைப்பை மாற்றவே தேவையில்லாத இன்ட்தான் பொருத்தம் என்று அதை எடுத்துக்கொண்டது. விதிப்படி அது செய்தது சரி. அதுதான் எரிச்சலே.

டி மொழியை உருவாக்கிய வால்டர் பிரைட் இதை ஃபங்ஷன் ஹைஜாக்கிங் (அழைப்பை வேறொரு ஃபங்ஷன் கடத்திக்கொண்டு போவது) என்பார். அந்த மொழியில் இம்போர்ட் செய்த (உள்ளே கொண்டுவந்த) ஒவ்வொரு மாட்யூலின் (கோடு ஃபைலின்) ஓவர்லோடுகளும், அதாவது ஒரே பெயரில் வெவ்வேறு டைப் வாங்கும் ஃபங்ஷன்களும், தனித்தனிக் கூட்டம். ஒரே கூட்டத்தில் மட்டும் பொருத்தம் கிடைத்தால் அதற்குள் சிறந்ததை எடுக்கும். இரண்டு கூட்டங்களில் கிடைத்தால், ஒன்று எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினாலும் சரி, எர்ரர்தான். இரண்டும் சேர வேண்டும் என்று நினைத்தால் நாமே ஏலியாஸ் (மாற்றுப் பெயர்) எழுதிச் சேர்க்கலாம். எனக்கு இந்த விதிதான் நியாயமாகப் படுகிறது. ஒரு மாட்யூலுக்குள் இருக்கும் ஓவர்லோடுகள் ஒரே வேலைக்காகச் சேர்த்து யோசித்து எழுதியவை. முன்பின் தெரியாத இருவர் எழுதிய ஃபங்ஷன்களுக்குப் பெயர் ஒன்றாக அமைவது தற்செயல். அங்கே போய் 'எது நெருக்கம்' என்று கேட்பதே தப்பு.

சி ஷார்ப் மொழியிலும் இது உண்டு. 2021-ல் வந்த, அந்த மொழி ஓடும் தளமான டாட்நெட் 6, டிஸ்டிங்க்ட்பை என்ற எக்ஸ்டென்ஷன் மெத்தடை (ஒரு கிளாஸுக்கு வெளியே எழுதி, அதன் சொந்த ஃபங்ஷன் போலவே அழைப்பது) சேர்த்தது. அதே பெயரில் சொந்தமாக எழுதி வைத்திருந்த பலருக்கு, எதை அழைப்பது என்று தெரியாமல் கம்பைலர் எர்ரர் கொடுத்தது. அது நல்ல காலம். கிளாஸுக்குள்ளேயே அழைப்புக்குப் பொருந்தும் மெத்தட் ஒன்று வந்துவிட்டால், அடுத்த கம்பைலில் உங்கள் எக்ஸ்டென்ஷன் சத்தமில்லாமல் ஓரங்கட்டப்படும்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? ஃபங்ஷனையும் அதை அழைக்கும் கோடையும் எங்கள் சொந்த நேம்ஸ்பேஸுக்குள் நகர்த்தினோம். உள்ளே பெயர் கிடைத்துவிட்டால் சி++ வெளியே தேடப் போகாது. ஒரு விதிவிலக்கு: ஆர்குமென்ட் (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்பு) லைப்ரரியின் சொந்த டைப்பாக இருந்தால், அதன் நேம்ஸ்பேஸையும் எட்டிப் பார்க்கும். அப்படிப்பட்ட இடங்களில் நேம்ஸ்பேஸோடு முழுப் பெயரையும் சொல்லி அழைத்தோம். அப்புறம் ஹெடர்களில் (மற்ற ஃபைல்கள் உள்ளே இழுத்துக்கொள்ளும் ஃபைல்கள்) இருந்த 'யூசிங் நேம்ஸ்பேஸ்' வரிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, அதே புதிய பதிப்பை மறுபடி ஏற்றினோம். 3.5 வந்தது.