ஜெனரேட்டர் போடுமுன் கம்பத்தை அண்ணாந்து பாருங்கள்

போன மழைக்காலத்தில் நடந்தது. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே ஒரு கடற்கரைக் கிராமம். ராத்திரி அடித்த காற்றில் தென்னை மட்டை விழுந்து வீடுகளுக்குப் போகும் கம்பி அறுந்துவிட்டது. மறுநாள் பொழுது சாயும் நேரத்தில்தான் அந்தத் தெருவுக்கு மின்வாரிய ஆள் வர முடிந்தது. வந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. டிரான்ஸ்ஃபார்மரில் பியூஸ் கேரியர்களை உருவிக் கையோடு எடுத்துக்கொண்டுதான் கம்பம் ஏறினான். அறுந்த முனையை இழுத்துப் பிடித்த நொடியில் தூக்கி எறியப்பட்டான். இடுப்பில் மாட்டியிருந்த பெல்ட் கயிறு தாங்கியதால் தரையில் விழவில்லை. உயிர் இருக்கிறது. வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

பியூஸ் உருவிய லைனில் கரண்ட் எங்கிருந்து வந்தது? மூன்றாவது வீட்டுப் பின்கட்டில் ஒரு சின்ன ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர். பையனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதே அவர்தான். அழுதுகொண்டே என்னிடம் சொன்னார்: "கரண்டுதான் இல்லையேண்ணே. அதனாலதான ஜெனரேட்டரே போட்டேன்."

இந்த வாக்கியத்தை 31 வருடமாகக் கேட்டுவிட்டேன். வயர்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். மூன்று முறை, மூன்று ஊர்களில், மூன்று வெவ்வேறு வாய்கள் இதையே சொல்லின. இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

உங்கள் மனதில் இருக்கும் படம் எனக்குத் தெரியும். மின்சாரம் குழாய்த் தண்ணீர் மாதிரி. மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து வீட்டுக்கு. திசை ஒன்றுதான். வீட்டுக்குள் ஊற்றிய தண்ணீர் தொட்டிக்குத் திரும்பி ஏறாது. இந்தப் படம் தவறு. முழுக்கத் தவறு. கம்பிக்கு மேல், கீழ் தெரியாது. உங்கள் வீட்டு பிளக் பாயிண்டும் தெருக் கம்பமும் ஒரே செம்பு, ஒரே அலுமினியம். அந்த பாயிண்டில் ஜெனரேட்டர் வயரைச் செருகினால் ஃபேன் மட்டும் சுற்றாது. மெயின் போர்டு வழியாக, மீட்டர் வழியாக, சர்வீஸ் வயர் வழியாகக் கம்பம் வரை அத்தனையும் உயிர்பெறும்.

"230 வோல்ட்தானே" என்பார்கள். 230 வோல்ட் ஆளைக் கொல்லப் போதும். ஆனால் கதை அங்கேயும் நிற்பதில்லை. அடுத்து வருவது டிரான்ஸ்ஃபார்மர். அதைப் பற்றித்தான் இந்தக் கரையோரத்தில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

1882-ல் எடிசன் நியூயார்க் பேர்ல் தெருவில் மின் நிலையம் திறந்தபோது அது நேர்மின்சாரம், 110 வோல்ட். ஒரு மைல் தாண்டினாலே கம்பியிலேயே பெருமளவு வீணாகும் நிலை. வோல்ட்டை ஏற்றினால் அதே மின்சக்தியைக் குறைந்த ஆம்பியரில் அனுப்பலாம். வோல்ட் 10 மடங்கானால் அதே கம்பியில் இழப்பு 100-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆனால் அவ்வளவு வோல்ட்டை வீட்டுக்குள் விட முடியாதே. ஏற்றவும் வேண்டும், இறக்கவும் வேண்டும். அதற்கு வழி செய்ததுதான் டிரான்ஸ்ஃபார்மர். 1885-ல் புடாபெஸ்டில் மூன்று பொறியாளர்கள் அதற்கு நல்ல வடிவம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் வில்லியம் ஸ்டான்லி அதை வைத்து ஒரு சிற்றூரின் கடைத்தெருவுக்கே விளக்கேற்றிக் காட்டினார். 1891-ல் ஜெர்மனியில் லாஃபனிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு 175 கிலோமீட்டர் மாறுமின்சாரம் போய்ச் சேர்ந்தது. நம் பக்கத்தில் 1930-களில் பைக்காரா அருவியின் மின்சாரம் மலையிறங்கிக் கோயம்புத்தூர் ஆலைகளை ஓட்டியதும் இதே ஏற்ற இறக்கத்தால்தான்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஏற்றுவதற்கு ஒரு சாதனம், இறக்குவதற்கு வேறொரு சாதனம் என்று கிடையாது. ஓர் இரும்புக் கருவின் மேல் இரண்டு சுருள்கள், அவ்வளவே. அதிகச் சுற்றுள்ள பக்கம் கொடுத்தால் இறங்கும். குறைந்த சுற்றுள்ள பக்கம் கொடுத்தால் ஏறும். உங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை 433 ஆக இறக்குகிறது. அதில் ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே உங்களுக்குக் கிடைப்பது சுமார் 250. கணக்குப் போட்டால் 44 மடங்கு. திருப்பிப் போடுங்கள்: உங்கள் ஜெனரேட்டரின் 230 வோல்ட் மறுபக்கம் ஏறக்குறைய 10,000 வோல்ட்டாகப் போய் நிற்கும்.

என் முதல் கேஸ் அதுதான். ஒரு கல்யாண மண்டபத்துப் பெரிய ஜெனரேட்டர். அங்கே சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருந்தது; வீட்டு வயரிங்கைத் தெரு லைனோடோ ஜெனரேட்டரோடோ, ஏதாவது ஒன்றோடு மட்டும் சேர்க்கும் சுவிட்ச் அது. ஆனால் உப்புக்காற்று தின்று கைப்பிடி அசையவில்லை என்று யாரோ ஒரு எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றி வைத்துவிட்டு வயரை நேரே முறுக்கிவிட்டிருந்தார். முகூர்த்தத்துக்கு விளக்கு எரிந்தது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி 11 கே.வி. (11,000 வோல்ட்) லைனில் எல்.சி., அதாவது லைனை நிறுத்தி வேலை செய்யும் அனுமதி வாங்கி, லைனைப் பிரிக்கும் ஏ.பி. சுவிட்ச் இறக்கி வேலை செய்துகொண்டிருந்தவர் என் சீனியர். எனக்குக் கம்பம் ஏறக் கற்றுக்கொடுத்தவர். அவர் அன்று வீடு திரும்பவில்லை.

"சின்ன ஜெனரேட்டர் ஊரையே இழுக்குமா? திணறி நின்றுபோகுமே" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். பல நேரம் நிற்கும். அதை நம்பி ஒருவன் கம்பத்தில் கைவைக்க முடியுமா? அந்தப் பையன் விஷயத்தில் கம்பி அறுந்ததால் உடைந்த பக்கம் நாலே வீடுகள்தான் மிஞ்சின. ஜெனரேட்டர் சுகமாக ஓடியது. புயலும் மழையும் லைனைத் துண்டு துண்டாக்கும் நேரத்தில்தான் ஜெனரேட்டரும் வெளியே வருகிறது, ஆளும் கம்பம் ஏறுகிறான். நம் கரையில் அதற்குப் பெருமழைகூடத் தேவையில்லை. கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டரில் உப்பு படிந்து கிடக்கும். விடியற்காலைப் பனி அதை நனைத்தாலே சிர்ரென்று இரைந்து லைனில் கரண்ட் நின்றுவிடும்.

"எர்த் ராடு போட்டிருந்தால் தப்பித்திருப்பானே?" லைன் கம்பியைத் தரையோடு இணைக்கும் கருவி அது. ஆமாம், போட்டிருக்க வேண்டும். கம்பம் ஏறும் தம்பிகளே, இது உங்களுக்கு: பியூஸ் கேரியர் உங்கள் பையில் இருப்பது போதாது. வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எல்லாக் கம்பியையும் நியூட்ரலோடு சேர்த்து ஷார்ட் செய்யாமல் கைவைக்காதீர்கள். நம் காய்ந்த தேரி மணலில் ராடை வெறுமனே குத்தினால் எர்த் பிடிக்காது. ஈரம் காணும் வரை இறக்குங்கள், குடத்துத் தண்ணீராவது ஊற்றுங்கள். நேரமாகிறது என்று ஊர் கத்தினால் கத்தட்டும்.

ஊர்க்காரர்களுக்கு வருகிறேன். ரெண்டு பக்கமும் பின் வைத்த வயர் வீட்டில் இருந்தால் இன்றைக்கே வெட்டிப் போடுங்கள். ஒரு முனை மெஷினில் இருக்க, மறுமுனைப் பின் உங்கள் பிள்ளை கைக்கு எட்டும் இடத்தில் 230 வோல்ட்டோடு கிடக்கும் பொருள் அது. "மெயினை இறக்கிவிட்டுத்தான் போடுகிறேன்" என்று சொல்லாதீர்கள். மறந்த நாள் ஒன்று வரும். அல்லது தெருவில் கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்க வீட்டில் யாராவது அதைத் தூக்குவார்கள். அப்போது தெருவில் கரண்ட் வந்திருந்தால் நேர்வது இன்னும் மோசம். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. லைன் இணைந்ததிலிருந்து நாடு முழுக்க ஒரே கிரிட், அதாவது ஒன்றாகப் பின்னிய ஒரே மின்கட்டமைப்பு. நம் வழுதூர் எரிவாயு நிலையத்து மெஷினும் இமயமலை அடிவாரத்து மெஷினும் நொடிக்கு 50 சுழற்சி என்று ஒரே தாளத்தில் ஓடுகின்றன. அந்தத் தாளத்தோடு சேராத உங்கள் ஜெனரேட்டர் அதன்மேல் மோதினால் எரிவது உங்கள் ஜெனரேட்டர்தான்.

செய்ய வேண்டியது எளிது. ஐஸ்பெட்டி, ரெண்டு லைட், போன் சார்ஜர் மட்டும் என்றால் வீட்டு வயரிங்கையே தொடாதீர்கள். மெஷினிலிருந்து ஒரு ஜங்ஷன் பாக்ஸ் இழுத்து அதில் போடுங்கள். வீடு முழுக்க வேண்டுமென்றால் லைசென்ஸ் உள்ளவரை வைத்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச் மாட்டுங்கள். பேஸோடு நியூட்ரலையும் சேர்த்து மாற்றுவதாக அது இருக்க வேண்டும். ஒரே கைப்பிடி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நிற்க முடியாது; அதன் மதிப்பே அதில்தான். கடற்கரை வீட்டில் மழைக்கு முன் ஒருமுறை அதை அசைத்துப் பாருங்கள், பச்சை பூத்திருந்தால் மாற்றிவிடுங்கள். மெஷினைத் திறந்த வெளியில் வையுங்கள். அடைத்த அறையில் அதன் புகையும் ஆளைக் கொல்லும்.

சோலார் மாட்டியவர்களும் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். "வெயில் கொளுத்துது, கரண்ட் போனா சோலாரும் ஏன்ணே போகுது?" உங்கள் பணத்தை யாரும் ஏமாற்றவில்லை. கிரிட்டோடு இணைந்த இன்வெர்ட்டர், லைன் போனதும் ஓரிரு நொடிகளில் தானே அணைந்துகொள்ளும்படி செய்யப்பட்டிருக்கிறது. கம்பத்தில் ஏறுகிறவனுக்காகத்தான் அது. அதை "சரிசெய்து" தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். கரண்ட் போனால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லும்போதே தெருவில் யார் வீட்டில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் ஏணி சாய்ந்திருப்பதைக் கண்டால், ஜெனரேட்டர் சத்தமும் கேட்டால், அது எந்த வீடு என்று தேடி அணைக்கச் சொல்லுங்கள். அணைக்கும் வரை, மேலே நிற்கிறவரைக் கூப்பிட்டுக் கம்பியைத் தொட வேண்டாம் என்று சொல்லிக் கீழேயே நில்லுங்கள்.