ஷவர் டிரே அமுங்கினால் சிலிகான் தாங்காது

கீழ் வீட்டு சீலிங்கில் ஈரக்கறை தெரிந்ததும் மேல் வீட்டுக்காரர் முதலில் வாங்கி வருவது ஒரு சிலிகான் டியூப். ஷவர் டிரே, அதாவது ஷவருக்கு அடியில் நாம் நின்று குளிக்கும் தட்டு, சுவர் டைல்ஸோடு சேரும் ஓரத்தில் சுற்றிலும் ஒரு கோடு இழுப்பார். கொஞ்ச நாள் கசிவு நிற்கும். பிறகு அதே இடம் வாய் பிளக்கும். அதன் மேலேயே இன்னொரு கோடு. காய்ந்த சிலிகான் மேல் புது சிலிகான் சரியாக ஒட்டாது, இருந்தாலும் இழுப்பார்கள்.

சென்னையில் அபார்ட்மென்ட்களில் கசிவு வேலை பார்ப்பவன் நான். கண்ணாடித் தடுப்பு போட்ட ஷவர் என்றால் ஓரத்தைப் பார்க்கும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு டிரேயின் நடுவில் ஏறி, குதிகாலை மாற்றி மாற்றி ஊன்றிப் பார்ப்பேன். 'டக்'கென்று ஒரு சத்தம், காலுக்கடியில் லேசான அமுங்கல். அப்படி இருந்தால் ஓரத்துப் பிளவு வெறும் அறிகுறிதான்.

அக்ரிலிக் டிரே சில மில்லிமீட்டர் தடிமன் தகடுதான். பின்பக்கம் கண்ணாடியிழையும் ரெசினும் பூசிக் கெட்டியாக்கியிருப்பார்கள். அடிப்பாகம் முழுக்கத் தாங்கல் இருந்தால் வருஷக்கணக்கில் உழைக்கும். கழற்றிப் பார்த்தால் நமக்குக் கிடைப்பது வேறு: நாலு மூலையில் உடைந்த செங்கல், நடுவில் இரண்டு கரண்டிக் கலவை. கலவை காய்ந்து சுருங்கியதில் டிரேயை விட்டு விலகி நிற்கும். ஆள் ஏறும்போதெல்லாம் நடுப்பகுதி இறங்கி ஏறும். அந்த ஆட்டம் இரண்டு இடத்தைக் கிழிக்கிறது. ஒன்று ஓரத்து சிலிகான், அது கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று வேஸ்ட் கப்ளிங், டிரேயின் ஓட்டையைக் கழிவுக் குழாயோடு சேர்க்கும் இணைப்பு. டிரே ஆடும், கீழே போகும் குழாய் ஆடாது. நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர் வாஷர் நாளடைவில் விட்டுக்கொடுக்கும். பெரும்பாலும் தண்ணீர் போகிற வழி இதுதான். அங்கே எம்சீல் அப்பி வைத்திருப்பதையும் பார்க்கிறேன். எம்சீல் நல்ல பொருள்தான், அசையாத இடத்துக்கு.

வேளச்சேரிப் பக்கம் ஒரு வீட்டில் கீழ்த்தளத்து அம்மா கேட்டார்: "அவங்க ஊருக்குப் போயிருந்தப்பகூட சொட்டுச்சு சார். அப்புறம் எப்படி அவங்க பாத்ரூம்தான்னு சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. நம் பாத்ரூம் தளத்தை மற்ற அறைகளைவிடத் தாழ்வாக, பல கட்டடங்களில் ஒரு அடி வரைக்கும் இறக்கிப் போட்டு, அதைச் செங்கல் ஜல்லி, கட்டட இடிபாடு கொண்டு நிரப்பியிருப்பார்கள். ஒழுகும் தண்ணீர் முதலில் அங்கே தேங்கும். குளிப்பதை நிறுத்திய பிறகும் நாள்கணக்கில் சொட்டும். அதனால் "இன்னிக்குக் குளிக்கலை, ஆனா சொட்டுது" என்பதை வைத்து எந்தத் தீர்ப்பும் சொல்ல முடியாது. அசோசியேஷன் மீட்டிங்கில் நடக்கும் பாதிச் சண்டை இதனால்தான்.

உடைக்கும் முன் சோதனை செய்யுங்கள். அந்த பாத்ரூமின் தண்ணீர் வால்வை மூடிவிட்டு, பிளம்பரிடம் கைப்பம்பு கொண்டு குழாய்க்கு பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லலாம். பம்பின் மீட்டர் முள் இறங்கினால் கசிவு சுவருக்குள் ஓடும் குழாயில். இறங்கவில்லையா, அடுத்தது டிரே. ஜல்லடையைக் கழற்றி, கப்ளிங்குக்குக் கீழே பாலித்தீன் சுற்றிய துணியை இறுக அடைத்து, இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். கொஞ்சம் சொட்டு நீலம் கலந்தால் கீழே கண்டுபிடிக்க உதவும், ஆனால் நிறம் வந்துசேர ஓரிரு நாளாகலாம். மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு, யாரும் ஏறாமல் ஆறேழு மணி நேரம் விடுங்கள். மட்டம் அப்படியே இருந்தால் ஒருவர் ஏறி நின்று, எடை மாற்றி மிதித்து இறங்கட்டும். வெறும் தண்ணீருக்கு ஒழுகாத டிரே ஆள் ஏறினால் ஒழுகும். இந்த இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கடைசியாக, டிரேயில் நேராக அடிக்காமல் சுவரில் மட்டும் ஷவரைக் காட்டி டைல்ஸ் இடுக்குகளைப் பார்க்கலாம்.

அமுங்கல் உறுதியானால் டிரேயைக் கழற்றத்தான் வேண்டும். பக்கவாட்டில் ஓட்டை போட்டு பி.யு. ஃபோம் (உப்பிக் கெட்டியாகும் நுரை) அடிக்கும் குறுக்குவழி எனக்குப் பிடிக்காது. அது உப்பி டிரேயைத் தூக்கிவிடும், மட்டம் கெடும். கழற்றியதும் கப்ளிங் ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சம் அடித்துப் பாருங்கள். இருந்தால் ஒட்டுப்போடாமல் புது டிரே வாங்குங்கள். "டிரே இருக்கே, அடியில எதுக்கு வாட்டர்புரூஃபிங்?" என்று மேஸ்திரி கேட்பார். விட்டுக்கொடுக்காதீர்கள். தரைக்கு இரண்டு கோட், மூலைகளைக் கலவையால் வளைத்து சுவரிலும் ஏற்றி, காய்ந்த பிறகு 24 மணி நேரம் தண்ணீர் கட்டி கீழே பார்த்துவிட்டுத்தான் மேல்வேலை.

பிறகு ஒன்றுக்கு ஐந்து சிமென்ட் மணல் கலவையைக் கெட்டியாகக் குழைத்து, இடைவெளி இல்லாமல் பரப்பி, அதன் மேல் டிரேயை அழுத்தி உட்கார வைக்க வேண்டும். நாலு விளிம்பிலும் ரசமட்டம் பாருங்கள். தண்ணீர் ஓடுவதற்கான வாட்டம் டிரேயிலேயே வார்க்கப்பட்டிருக்கும், நாம் சாய்க்கத் தேவையில்லை. கால் வைத்த ஸ்டீல் ஃபிரேமோடு வரும் டிரே என்றால் கம்பெனித் தாளில் உள்ளபடிதான். ஒரு நாள் யாரும் ஏறக்கூடாது. சுவரின் கடைசி வரிசை டைல்ஸ் டிரேயின் விளிம்புக்கு மேலே வந்து இறங்க வேண்டும். டைல்ஸ் முடிந்த பிறகு டிரேயை இடுக்கில் செருகினால் முழுப் பாரமும் சிலிகான் தலையில். சிலிகானும் வினிகர் வாடை அடிக்கும் ரகம் வேண்டாம். சிமென்டில் அது சரியாகப் பிடிக்காது. 'நியூட்ரல்' என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் என்னைக் கேட்டால் டிரேயே வேண்டாம் என்பேன். பக்கெட்டும் பித்தளைச் சொம்பும் புழங்கும் வீட்டுக்கு, மீட்டருக்குச் சுமார் 15 மி.மீ. வாட்டம் வைத்த டைல்ஸ் தரை போதும்.

வேலை முடிந்தும் கீழே சில வாரம் சொட்டலாம். உள்ளே தேங்கியது வடிகிறது, பயப்பட வேண்டாம். அதுவரை கீழ் வீட்டு சீலிங்குக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள், உப்புப் பூத்து உரிந்துவிடும். காய்ந்ததும் சுத்தியல் காம்பால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகக் கேட்கும் பூச்சை உடைத்தெடுத்து, கம்பியில் துரு இருந்தால் சுரண்டி, துருத்தடுப்பு பூசிய பிறகு பூசுங்கள். அந்தச் செலவை யார் ஏற்பது என்பதை, வேலை ஆரம்பிக்கும் முன்பே இரு வீட்டாரும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.