டர்போவுக்குக் காற்று கிடைக்கிறது, பெற்றோல் கிடைக்கிறதா?

டொயோட்டா ஸ்டார்லட் கிளான்சா போன்ற ஒரு சின்ன டர்போ காரில் பூஸ்டை, அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அமுக்கத்தை, கூட்டுவது ஒரு பின்னேர வேலை. ஒரு பூஸ்ட் கன்ட்ரோலரைப் பூட்டினால் போதும், டர்போ முன்பைவிடக் கூடுதலாகக் காற்றைத் தள்ளத் தொடங்கிவிடும். திருகோணமலையில் கார் ஆசையுள்ள பொடியங்கள் முதலில் கைவைப்பதும் அங்கேதான். ஆனால் கூடிய காற்றுக்கு ஏற்ற பெற்றோல் அதே கணத்தில் சிலிண்டருக்குள் வந்து சேர்ந்தால்தான் எஞ்சின் பிழைக்கும். அதனால் காசு இருந்தால் முதலில் பெற்றோல் பக்கத்தைப் பாருங்கள், பூஸ்ட் பிறகு வரட்டும் என்பதுதான் என் நிலைப்பாடு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 1 கிராம் பெற்றோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். சாதாரண ஓட்டத்தில் காரின் கணினி, அதாவது ஈசியூ, அந்த அளவைச் சுற்றியே நிற்கும். முழு பூஸ்டில் மட்டும் 1 கிராமுக்கு 11.5 அல்லது 12 கிராம் காற்று என்ற அளவுக்குப் பெற்றோலைக் கூட்டிவிடும். இப்படிக் கூடுதலாக வரும் பெற்றோலின் முக்கியமான வேலை குளிர்ச்சி தருவது. 1 கிலோ பெற்றோல் ஆவியாகும்போது சுமார் 350 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் குளிர்ச்சி குறைந்தால், தீச்சுவாலை வந்து சேரும் முன்பே மூலையில் கிடக்கும் கலவை தானாக வெடித்துவிடும். இதைத்தான் கராஜில் நொக்கிங் என்கிறார்கள். முழு பூஸ்டில் இது தொடர்ந்தால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்துபோகும்.

நமது ஊரில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். கச்சான் வீசும் ஜூன், ஜூலையில் வெயில் 35 பாகையைத் தொடுவது சாதாரணம். 15 பாகையில் இருக்கும் காற்றோடு ஒப்பிட்டால் அந்தக் காற்றின் அடர்த்தி 6 வீதத்துக்கு மேல் குறைவு. காற்று மெலிந்தால் பெற்றோலும் குறைவாகத்தானே தேவை என்று கேட்கலாம். சரிதான், ஆனால் உள்ளே போகும் காற்று சூடாக இருந்தால் நொக்கிங் வரும் எல்லையும் கிட்ட வந்துவிடும். நொக்கிங்கைக் குறைவாகத் தாங்கும் 92 ஒக்டேன் பெற்றோலை அடித்துவிட்டு பூஸ்டைக் கூட்டுபவர்களைப் பார்க்க எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது. டர்போ காருக்கு 95 கட்டாயம் என்றே சொல்வேன்.

எவ்வளவு பெற்றோல் தேவை என்பதைக் கடதாசியில் கணக்குப் போட்டே பார்க்கலாம். கிளான்சா கம்பனியிலிருந்து வரும்போது 135 குதிரைவலு. அதை 200 ஆக்க ஆசை என்று வைத்துக்கொள்வோம். டர்போ எஞ்சின் ஒன்று முழு வேகத்தில் ஒரு குதிரைவலுவுக்கு மணித்தியாலத்துக்குச் சுமார் 270 கிராம் பெற்றோல் குடிக்கும். 200 குதிரைவலுவுக்கு 54 கிலோ, லீற்றரில் சொன்னால் ஏறத்தாழ 73. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் கிடைத்ததே, அது இப்படி ஓடினால் கால் மணித்தியாலத்துக்குச் சற்று மேலாகத்தான் தாக்குப்பிடிக்கும்.

73 லீற்றரை நிமிடத்துக்கு மாற்றினால் 1,220 சிசி அளவு. பெற்றோலைத் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்குச் சற்று மேலே 300 சிசி. அப்படியென்றால் 300 சிசி இன்ஜெக்டர் வாங்கினால் போதுமா? போதாது. இன்ஜெக்டர் ஓயாமல் திறந்திருக்கக் கூடாது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் எஞ்சினின் ஒரு முழுச் சுழற்சிக்கு, அதாவது இரண்டு சுற்றுக்கு, 20 மில்லிசெக்கன்தான் இருக்கிறது. அதில் 85 வீதத்துக்குள், அதாவது 17 மில்லிசெக்கனுக்குள், இன்ஜெக்டர் வேலையை முடிக்க வேண்டும். அந்தக் கணக்கில் 360 சிசி வேண்டும். இன்னும் பெரிதாகப் போடுவோமே என்று 800 சிசி வாங்குபவர்களும் உண்டு. ஐட்லிங்கில், அதாவது கார் நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, எஞ்சினுக்குத் தேவை ஒரு துளி. இன்ஜெக்டர் ஊசி மேலே எழும்பவே கிட்டத்தட்ட 1 மில்லிசெக்கன் போய்விடும். இவ்வளவு பெரிய இன்ஜெக்டருக்கு அவ்வளவு குறுகிய நேரத்தில் அளந்து ஊற்றுவது கஷ்டம், ஐட்லிங் நடுங்கும். அளவாக வாங்குவதுதான் நல்லது. எந்த அளவு வாங்கினாலும் ஈசியூவுக்கு அந்தப் புதிய அளவைச் சொல்லிக்கொடுக்காமல் காரை ஓட்டக் கூடாது.

இனி அமுக்கம். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். இன்ஜெக்டர் வழியாக எவ்வளவு பெற்றோல் வரும் என்பதை முடிவுசெய்வது, ஒரு பக்கம் இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோலைப் பகிரும் குழாயான ரெயிலில் இருக்கும் அமுக்கத்துக்கும் மறுபக்கம் எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக்கில் இருக்கும் அமுக்கத்துக்கும் உள்ள வித்தியாசம். ரெயிலில் 3 பார் இருக்கிறது, இன்டேக்கில் 1 பார் பூஸ்ட் வந்துவிட்டது என்றால் மிச்சம் 2 பார்தான். ஓட்டம் இந்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும் என்பதால், பெற்றோல் 18 வீதம் குறைந்துவிடும். அதுவும் எஞ்சினுக்குப் பெற்றோல் மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில். இதற்காகத்தான் ரெயில் அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கும் இன்டேக்குக்கும் இடையில் ஒரு மெல்லிய ரப்பர் குழாய் ஓடுகிறது. பூஸ்ட் 1 பார் ஏறினால் ரெயில் அமுக்கமும் 1 பார் ஏறும், வித்தியாசம் அப்படியே நிற்கும். பழைய காரில் அந்தக் குழாய் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தால், எந்த விலையுயர்ந்த இன்ஜெக்டரும் காப்பாற்றாது. முதலில் அதைத் தொட்டுப் பாருங்கள்.

ரெயிலில் அமுக்கம் 4 பாருக்கு ஏறும்போது பெற்றோல் பம்ப் இன்னும் கஷ்டப்பட்டுத் தள்ள வேண்டும், தள்ளும் அளவும் குறையும். சந்தையில் அதிகம் பேசப்படும் வால்ப்ரோ பம்பின் மணித்தியாலத்துக்கு 255 லீற்றர் என்ற எண்ணும் 3 பாரை ஒட்டிய அமுக்கத்துக்கு உரியது. நமக்குத் தேவை 73தான் என்பதால் அது தாராளமாகவே போதும். சிக்கல் வயரில் இருக்கிறது. இந்த பம்ப் 10 அம்பியர் அளவு இழுக்கும். கம்பனி வயர் பழைய சின்ன பம்புக்காக இழுத்தது. கடற்கரை ஊரில் இணைப்புகளில் பச்சை பூத்திருப்பதும் சகஜம். வோல்ட் வழியிலேயே குறைந்தால் பம்ப் மெதுவாகச் சுற்றும். பற்றரியிலிருந்து நேரே ஒரு தடித்த வயர், நடுவில் பியூஸ், ஒரு ரிலே. செலவு கொஞ்சம், பலன் பெரிது. தேவைக்கு மிஞ்சிய பம்புக்கும் ஒரு விலை உண்டு. இன்ஜெக்டருக்குள் போகாமல் மிஞ்சும் பெற்றோல் சூடான ரெயிலைச் சுற்றிவிட்டு டாங்கிக்கே திரும்பி வந்து, டாங்கியில் உள்ளதையும் சூடாக்கும். டாங்கிக்குள் இருக்கும் பம்பைக் குளிர வைப்பதும் அதே பெற்றோல்தான். அதனால் கால் டாங்கிக்குக் கீழே இறங்கிய பிறகு காரை விரட்ட வேண்டாம். வளைவில் பெற்றோல் ஒரு பக்கம் சரிந்தாலும் பம்ப் காற்றை உறிஞ்சும், ரெயில் அமுக்கம் ஒரு நொடியில் விழுந்துவிடும்.

பூட்டி முடித்ததும் ரெயிலில் ஓர் அமுக்க மானி, புகைக்குழாயில் காற்று-பெற்றோல் விகிதத்தைக் காட்டும் ஒரு வைட்பாண்ட் சென்சர், இரண்டையும் வைத்து அளக்க வேண்டும். இதைக் கந்தளாய் தாண்டி ஹபரணை வீதியில் செய்ய நினைக்காதீர்கள், அங்கே யானை குறுக்கே வரும். காரை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றி அளப்பதுதான் முறை. பூஸ்ட் ஏறும்போது ரெயில் அமுக்கமும் அதே அளவு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். உச்ச சுற்றில் அது சரியத் தொடங்கினால் பம்ப், பில்டர், வயர் மூன்றில் ஒன்று திணறுகிறது. உடனே காலை எடுத்துவிடுங்கள்.

புதிய சுசுகி சுவிப்ட் ஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும். அதன் 1.4 லீற்றர் டர்போ எஞ்சினில் பெற்றோல் நேரே சிலிண்டருக்குள் பாய்கிறது. இவ்வகை எஞ்சினில் கேம்ஷாப்ட் சுழற்றும் இன்னொரு பம்ப் அமுக்கத்தை நூறு பாருக்கும் மேலே கொண்டுபோகும். நேரமும் சுருங்கிவிடும். கிளான்சா போல வால்வுக்கு முன்னே தெளிக்கும் எஞ்சினில் இருந்த 20 மில்லிசெக்கன் இங்கே இல்லை. காற்றை இழுத்து அழுத்தும் அரைச் சுழற்சிக்குள் எல்லாவற்றையும் தெளித்தாக வேண்டும். டாங்கியில் உள்ள பம்பையும் வயரையும் மேலே சொன்னபடி சரிபார்க்கலாம். உயர் அமுக்கப் பம்பும் இன்ஜெக்டரும் அந்த எஞ்சினுக்கென்றே செய்தவை என்பதால், அவை தரக்கூடிய அளவுக்குள் பூஸ்டை நிறுத்திக்கொள்வதே அந்தக் காருக்குப் பொருத்தம்.