ஓடும் ரத்தத்தில் வெள்ளையணு எப்படி நிற்கிறது?

சில குழந்தைகளுக்குப் பிறந்து மூன்று நான்கு வாரமாகியும் தொப்புள்கொடி விழாது. பிறகு ஈறு, தோல் என்று மாறி மாறிப் புண் வரும். எந்தப் புண்ணிலும் சீழ் கட்டாது. ரத்தத்தைச் சோதித்தால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் அந்த வயதுக்குரிய அளவைவிடப் பல மடங்கு கூடியிருக்கும். அவற்றால் ரத்தத்தை விட்டு வெளியேறிப் புண்ணுக்குப் போய்ச் சேர முடிவதில்லை. சீழ் என்பதே பெரும்பாலும் அப்படி வந்து மடிந்த நியூட்ரோஃபில்கள்தான்.

வெளியேறுவது ஏன் அவ்வளவு கடினம்? நியூட்ரோஃபில்கள் பெரும்பாலும் தந்துகிகளை அடுத்த நுண்சிரைகளிலிருந்துதான் வெளியே வருகின்றன. அங்கே ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஓட்டத்தில் ஒரு செல் சரியான இடத்தைக் கண்டுகொண்டு, நின்று, சுவரைக் கடக்க வேண்டும்.

திசுவில் காயமோ கிருமியோ வந்ததும் ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் சுரக்கின்றன. குழாயின் உட்சுவர்ச் செல்கள் பி-செலக்டின் என்ற புரதத்தை முன்பே செய்து உள்ளே பொட்டலமாக வைத்திருப்பதால், சில நிமிடங்களில் அதை வெளிப்பரப்புக்குக் கொண்டுவந்துவிடும். அதன் உறவான இ-செலக்டினைப் புதிதாகத்தான் தயாரிக்க வேண்டும். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். நியூட்ரோஃபிலின் மேல் துருத்தியிருக்கும் நுண்விரல்களின் நுனியில் உள்ள சர்க்கரைகள் இந்த செலக்டின்களில், நாயுருவி வேட்டியில் ஒட்டுவதுபோல, ஒட்டுகின்றன. பிடிப்பு நொடிக்குள் விட்டுப்போகும், அடுத்தது பிடிக்கும். இப்படியே செல் சுவரோடு உருண்டு போகிறது.

உருள்வது நிற்பதாகாது. இதைத் தெளிவாகக் காட்டிய சோதனை 1991-இல் வந்தது. ஹார்வர்டின் திமோதி ஸ்பிரிங்கரும் மைக்கேல் லாரன்ஸும் ஒரு தட்டையான அறையின் தரையில் தேர்ந்தெடுத்த புரதங்களை மட்டும் பதித்து, நியூட்ரோஃபில்களை நுண்சிரையின் வேகத்தில் மேலே ஓடவிட்டார்கள். பி-செலக்டின் மட்டும் இருந்தால் செல்கள் உருண்டுகொண்டே போயின. நிற்பதற்கு உதவும் ஐகேம்-1 என்ற உட்சுவர்ப் புரதம் மட்டும் இருந்தால் ஒட்டாமலே கடந்துபோயின. இரண்டும் இருந்து, தூண்டும் வேதிப்பொருளும் சேர்ந்தபோதுதான் நின்றன. அதாவது முதலில் உருள வேண்டும், பிறகு சமிக்ஞை வேண்டும், அதன் பிறகே பிடி. இந்த வரிசைதான் முக்கியம் என்று நினைக்கிறேன்: மூன்று நிபந்தனைகளும் ஒரே இடத்தில் கூடினால்தான் செல் நிற்கும் என்பதால், நல்ல திசுவில் அது சும்மா இறங்கிவிடுவதில்லை.

அந்தச் சமிக்ஞை கீமோகைன் என்ற சிறு புரதங்களிலிருந்து வருகிறது. அவை சுவரில் ஒட்டியபடி காத்திருக்கும். உருண்டு வரும் செல் அவற்றைத் தொட்டதும், அதன் மேல் மடங்கிக் கிடக்கும் இன்டெக்ரின் என்ற புரதம் நிமிர்ந்து விரிகிறது. எல்எஃப்ஏ-1 என்ற இன்டெக்ரின் முழுமையாக விரிந்தால் ஐகேம்-1 மேல் அதன் பிடி ஏறத்தாழ 10,000 மடங்கு கூடும், செல் நின்றுவிடும். அதன் பிறகு உட்சுவர்ச் செல்களின் இடுக்கில் தன்னை நெளித்து நுழைகிறது.

முதலில் சொன்ன, தொப்புள்கொடி விழாத குழந்தைகளுக்கு இன்டெக்ரினின் சிடி18 என்ற பகுதி இல்லை, அல்லது மிகக் குறைவு. அவர்களுடைய நியூட்ரோஃபில்கள் நன்றாகவே உருள்கின்றன, நிற்கத்தான் முடிவதில்லை. செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டுப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனையில் சிடி18-இன் அளவைப் பார்த்து நோயை உறுதிசெய்யலாம். கடுமையான வகைக்குப் பெரும்பாலும் எலும்பு மஜ்ஜை மாற்றுதான் வழி. இதற்கு இணையான இன்னோர் அரிய நோயில் உருள்வதே நடக்காது. ஃபியூகோஸ் என்ற சர்க்கரையைச் செல்லால் பயன்படுத்த முடியாததால் செலக்டின் பிடிக்க வேண்டிய சர்க்கரை உருவாவதில்லை. அதே காரணத்தால் அந்த நோயாளிகளின் ரத்தப் பிரிவும் பாம்பே என்ற அரிய வகையாக இருக்கும். (பாம்பே வகை ரத்தம் உள்ள மற்றவர்களுக்குக் குறை வேறு மரபணுவில், அவர்களுக்கு இந்த நோய் கிடையாது.)

ஸ்டீராய்டு கொடுத்த மறுநாள் ரத்தத்தில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை உயர்வதும் இதோடு தொடர்புடையதே. சுவரோடு ஒட்டியிருந்த செல்கள் விடுபட்டு ஓட்டத்தில் கலக்கின்றன. மஜ்ஜையிலிருந்தும் கூடுதலாக வருகின்றன. எண்ணிக்கையை மட்டும் வைத்துப் புதிய தொற்று என்று முடிவுகட்டினால் தவறாகிவிடும்.

பிடியைத் தடுத்தால் வேண்டாத அழற்சியை அடக்கலாம். ஆல்ஃபா-4 என்ற இன்னொரு இன்டெக்ரினை மறைக்கும் நட்டாலிசுமாப் என்ற மருந்து, நரம்புகளின் உறையை உடலின் சொந்த நோயெதிர்ப்பு செல்களே தாக்கும் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோய்க்கு 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூளைக்குள் டி-செல்கள் என்ற வேறு வகை வெள்ளையணுக்கள் நுழைவதை அது தடுத்தது. ஆனால் ஜேசி என்ற வைரஸை மூளையில் அடக்கி வைக்கவும் அதே செல்கள் வேண்டும். சிலருக்கு அந்த வைரஸால் மூளை நோய் வந்ததால் 2005-இல் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். 2006-இல் கடுமையான கண்காணிப்போடு மீண்டும் அனுமதித்தார்கள்.

2014-இல் வந்த வெடோலிசுமாப் என்ற மருந்து இன்னும் குறுகிய இலக்கை எடுத்துக்கொண்டது. குடலுக்குப் போகும் செல்கள் ஆல்ஃபா-4-பீட்டா-7 என்ற ஜோடியைக் கொண்டு குடல் நுண்சிரைகளின் மேட்கேம்-1 புரதத்தைப் பிடிக்கின்றன. அந்த ஜோடியை மட்டும் மறைப்பதால் மூளைக்குச் செல்லும் வழி திறந்தே இருக்கும். குடல் அழற்சி நோயாளிகளுக்கு 300 மில்லிகிராம் மருந்தை முதல் நாள், 2-ஆம் வாரம், 6-ஆம் வாரம் என்று சிரை வழியே ஏற்றி, பிறகு 8 வாரத்துக்கு ஒருமுறை தருகிறார்கள். புதிதாக வரும் செல்களைத்தான் அது தடுக்கும். குடலில் ஏற்கெனவே இறங்கியவற்றை வெளியேற்றாது. ஆகவே பலன் மெதுவாகத்தான் தெரியும். இடைப்பட்ட வாரங்களுக்குப் பல நேரம் ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. 14-ஆம் வாரம்வரை எந்த முன்னேற்றமும் இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள்.